தட்டு எண் 1725-க்கு முன்னும் பின்னும்

குவாசிகிரிஸ்டல் என்கிற, அடுக்கு திரும்பத் திரும்ப வராத படிகத்தைக் கண்டுபிடித்த இஸ்ரேலியர் டான் ஷெக்ட்மன் கதையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் இருக்கவே கூடாத ஒன்றைப் பார்த்தார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், 29 வருஷம் கழித்து நோபல் கொடுத்தார்கள். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இப்படிச் சொன்னால் மனிதர் லாட்டரி அடித்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். 1982 ஏப்ரல் 8-ஆம் தேதி அவர் பார்த்த மாதிரிப் பேட்டர்னை (எலக்ட்ரான்கள் படிகத்தில் பட்டுச் சிதறித் தரும் புள்ளிக் கோலம், டிஃப்ராக்‌ஷன் பேட்டர்ன்) அதற்கு முன்பே வேறு சிலரும் பார்த்திருக்க வாய்ப்புண்டு. பார்த்துவிட்டு, ‘இது ட்வின்தான்’, அதாவது ஒரே படிகத்தின் துண்டுகள் வேறு வேறு திசையில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான், என்று முடிவு கட்டி அடுத்த கிரெயினுக்கு, அதாவது அடுத்த படிகத் துணுக்குக்கு, போயிருப்பார்கள். ஷெக்ட்மன் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு விடை, அதற்கு முந்தைய பத்து வருஷ வேலையில் இருக்கிறது.

இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள டெக்னியன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், 1966. அங்கேயே முதுகலை 1968, முனைவர் பட்டம் 1972. பிறகு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தின் ஆய்வகத்தில் மூன்று வருஷம் போஸ்ட்டாக். அங்கே எடுத்துக்கொண்ட பொருள் டைட்டேனியம் அலுமினைடு (TiAl). எடை குறைவு, சூட்டைத் தாங்கும், ஆனால் அறை வெப்பத்தில் நொறுங்கும். எதனால் நொறுங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் அதை மெல்லிய ஃபாயிலாக்கி, டி.இ.எம். என்கிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து, உள்ளே இருக்கும் டிஸ்லொகேஷன்களையும் (அணு வரிசையில் உள்ள பிசகுகள்) ட்வின்களையும் ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டும். 1974-இல் TiAl எப்படி வளைந்து உருமாறுகிறது என்று இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. TiAl-இல் ட்வின் என்பது சர்வசாதாரணம். மூன்று வருஷம் அதையே பார்த்த கண்ணுக்கு ட்வின் எப்படி இருக்கும் என்று மட்டுமல்ல, எப்படி இருக்காது என்றும் தெரிந்துவிடும்.

1975-இல் டெக்னியனில் ஆசிரியர் வேலை. 1981-இல் சபாட்டிகல் (ஆய்வு விடுப்பு) எடுத்துக்கொண்டு மேரிலாந்துக்குப் போனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தாலும் வேலை நடந்தது கெய்தர்ஸ்பர்க்கில், அப்போது என்.பி.எஸ். என்றும் இப்போது நிஸ்ட் என்றும் அழைக்கப்படும் அரசு ஆய்வகத்தில். கூப்பிட்டவர் ஜான் கான், உலோகவியலில் பெரிய தலை. அலுமினியத்தோடு மாங்கனீஸ், இரும்பு போன்றவற்றைக் கலந்து, உருகியதை மிக வேகமாக உறைய வைத்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் திட்டம்.

வேகமாக உறைய வைப்பது எதற்கு? சாதாரணமாக ஆறவிட்டால் அலுமினியத்தின் படிகத்துக்குள் மாங்கனீஸ் எடையில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் கரைந்து நிற்காது. மிச்சம் Al6Mn போன்ற சேர்மமாகப் பிரிந்துவிடும். பிரிவதற்கு நேரமே கொடுக்காமல் உறைய வைத்தால் கூடுதலாகப் பிடித்து வைக்கலாம். அதற்கான கருவி மெல்ட் ஸ்பின்னர். குவார்ட்ஸ் குழாய்க்குள் உலோகக் கலவையை இன்டக்‌ஷன் காயிலால் உருக்கி, அடியில் உள்ள ஒரு மில்லிமீட்டர் அளவு துளை வழியாக ஆர்கான் அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும். கீழே செம்புச் சக்கரம் ஒன்று, விளிம்பின் வேகம் நொடிக்கு 20 முதல் 40 மீட்டர் வரும்படி சுழன்றுகொண்டிருக்கும். அதில் பட்ட மாத்திரத்தில் உலோகம் உறைந்து, இரண்டு மில்லிமீட்டர் அகலமும் 20 முதல் 50 மைக்ரான் தடிமனும் உள்ள ரிப்பனாகப் பறந்து வரும். குளிரும் வேகம் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வரை போகும்.

இது கேட்பதற்கு எளிது. செய்யும்போது சொதப்ப இடம் நிறைய. சக்கரத்தின் மேல் கைரேகை எண்ணெயோ ஆக்சைடு படலமோ இருந்தால் உலோகம் சக்கரத்தோடு ஒட்டி நிற்காது, வெப்பம் இறங்காது, ரிப்பனில் பழைய Al6Mn-தான் கிடைக்கும். உருகல் போதிய சூட்டில் இல்லையென்றால் துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் மாங்கனீஸ் ஆவியாகிப் போய், நீங்கள் நிறுத்துப் போட்ட கலவை ஒன்று, ரிப்பனில் இருப்பது வேறொன்று என்று ஆகிவிடும். ஒரே ரிப்பனில்கூட சக்கரம் பட்ட பக்கமும் காற்றுப் பக்கமும் ஒன்றல்ல. சக்கரப் பக்கம் வேகமாகக் குளிர்ந்தது. டி.இ.எம். ஃபாயில் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று நோட்டில் குறிக்காதவர், இரண்டு மாதம் கழித்துத் தன் முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பார்த்து முழிப்பார்.

ஷெக்ட்மனின் நோட்டில் அன்றைக்கு இருந்த கலவை Al-25% Mn. கண்டுபிடிப்பை அறிவித்த 1984 கட்டுரையில் வந்ததோ 14 சதவீதம். பலர் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். 25 என்பது எடை, 14 என்பது அணு எண்ணிக்கை. நூறு கிராமில் மாங்கனீஸ் 25 கிராம், 54.94-ஆல் வகுத்தால் 0.455 மோல். அலுமினியம் 75 கிராம், 26.98-ஆல் வகுத்தால் 2.780 மோல். 0.455-ஐ மொத்தமான 3.235-ஆல் வகுத்தால் 14.1 சதவீதம். எந்தச் சதவீதம் என்று எழுதாமல் விடுவது மெட்டீரியல்ஸ் லேபில் இன்றும் தினசரி நடக்கும் கூத்து. பொறியியல் நோக்கில் பார்த்தால் அவ்வளவு மாங்கனீஸ் வரை போக வேண்டிய தேவையே இல்லை. அந்த அளவில் ரிப்பன் அப்பளமாக நொறுங்கும். வரிசையாகச் செய்து பார்த்துவிடுவோம் என்று போனதால்தான் அது கையில் இருந்தது.

அடுத்தது ஃபாயில். 100 கிலோவோல்ட் எலக்ட்ரான் ஊடுருவ வேண்டுமானால் தடிமன் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அலுமினியக் கலவைகளுக்கு இன்றும் பரவலாகப் பயன்படும் முறை, மெத்தனாலில் நைட்ரிக் அமிலம் கலந்து மைனஸ் 30 டிகிரிக்குக் குளிர்வித்து, 15 வோல்ட் போல வைத்து, இரண்டு பக்கமிருந்தும் பீய்ச்சி அரிப்பது. நடுவில் ஊசிமுனைத் துளை விழுந்த கணத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் துளையின் விளிம்பில் இருந்த மெல்லிய பகுதி, அதாவது நமக்கு வேண்டிய பகுதி, கரைந்து போயிருக்கும். குளிர் குறைந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். இரண்டு கட்டங்கள் (வேறு வேறு அணு அமைப்புள்ள பகுதிகள்) கலந்த ரிப்பனில் இன்னொரு தொல்லை: ஒன்று சீக்கிரம் கரையும், மற்றது நிற்கும், கடைசியில் கிரெயின்கள் உதிர்ந்து விழும். அமிலத்தின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டவே கூடாது. மெத்தனாலுக்குப் பதில் கையில் கிடைத்த எத்தனாலை ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கலவை வெடிக்கும். மிச்சக் கரைசலை மூடிப் பாட்டிலில் அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பதும் அதே ஆபத்துதான்.

இனி அந்த ஏப்ரல் 8.

படிகம் என்றால் ஒரே அலகு திரும்பத் திரும்ப இடைவெளி விடாமல் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி அடுக்கினால் சுழற்சிச் சமச்சீர், அதாவது ஒரு முழுச் சுற்றில் எத்தனை முறை அதே போலத் தெரியும் என்பது, 2, 3, 4, 6 மடங்கு மட்டுமே வரலாம். டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு இது தேற்றம் இல்லாமலே தெரியும். சதுரம், முக்கோணம், அறுகோணம் தரையை நிரப்பும். ஐங்கோணத்தின் உள்கோணம் 108 டிகிரி. மூன்றைச் சேர்த்தால் 324. மீதி 36 டிகிரி ஓட்டை விழும், நான்காவது நுழையாது.

அன்று ஷெக்ட்மன் எடுத்த 1725-ஆம் எண் புகைப்படத் தட்டில் மையத்தைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள், 36 டிகிரிக்கு ஒன்று. நோட்டில் ‘10 மடங்கு’ என்று எழுதி மூன்று கேள்விக்குறி போட்டார். இப்படி ஒரு ஜந்து கிடையாது என்று ஹீப்ருவில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதாகப் பின்னால் பல பேச்சுகளில் சொல்லியிருக்கிறார். ஐந்து மடங்கு என்று எழுதாமல் பத்து என்று ஏன் எழுதினார்? டிஃப்ராக்‌ஷன் பேட்டர்னில் ஒரு புள்ளி இருந்தால் மையத்துக்கு நேர் எதிரே அதன் ஜோடியும் இருக்கும். ஆகவே பொருளில் ஐந்து மடங்கு அச்சு இருந்தாலும் தட்டில் பத்தாகத்தான் தெரியும். எது உண்மை என்று ஒரே ஒரு தட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது.

முதலில் வர வேண்டிய சந்தேகம் ட்வின். ஒரே படிகத்தின் ஐந்து துண்டுகள் ஒரு பொது அச்சைச் சுற்றி விசிறி போல ஒட்டிக்கொண்டிருந்தால், ஐந்தின் புள்ளிகளும் சேர்ந்து பத்து மடங்குபோலத் தெரியும். பேட்டர்ன் எடுக்கும்போது எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறோம் என்பதை ஒரு சிறு துளைத் தகட்டால் வரையறுக்கிறோம். அதை எவ்வளவு சிறிதாக்கினாலும், லென்ஸ் பிழை காரணமாக அரை மைக்ரானுக்குக் கீழே நம்ப முடியாது. ட்வின்கள் 50 நானோமீட்டர் அளவில் இருந்தால் அத்தனையும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். பேட்டர்னை மட்டும் பார்த்து ‘ட்வின் இல்லை’ என்று சொன்னால் அது வெறும் ஆசை.

அதனால் டார்க் ஃபீல்ட். ஒரே ஒரு புள்ளியின் கற்றையை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மறைத்துப் படம் எடுத்தால், அந்தப் புள்ளியை உண்டாக்கிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ட்வின் என்றால், ஒரு புள்ளிக்குக் கிரெயினின் ஒரு துண்டு மின்னும். அடுத்த புள்ளிக்கு வேறு துண்டு மின்னும். ஷெக்ட்மன் புள்ளி மாற்றி மாற்றி எடுத்தார். ஒவ்வொரு முறையும் மின்னியது முழுக் கிரெயினும்தான். கற்றையைக் குறுக்கி, கிரெயினின் மிகச் சிறு பகுதிகளிலிருந்தும் பேட்டர்ன் எடுத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் அதே பத்து. அன்று மத்தியானம் முழுக்க ட்வினைத் தேடினார், கிடைக்கவில்லை. என் கணக்கில் கண்டுபிடிப்பு நடந்தது இந்த மத்தியானத்தில்தான், காலையில் அல்ல.

அதோடு நிற்காமல் சாய்த்துப் பார்க்கும் வேலை. இருபது முக்கோண முகம் கொண்ட ஐகோசஹெட்ரனில் ஐந்து மடங்கு அச்சு ஆறு, மூன்று மடங்கு பத்து, இரண்டு மடங்கு பதினைந்து. ஐந்திலிருந்து பக்கத்து இரண்டுக்கு 31.72 டிகிரி, மூன்றுக்கு 37.38. அடுத்த ஐந்துக்கு 63.43. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: மாதிரித் தாங்கி அவ்வளவு தூரம் சாயாது. ஐந்து மடங்கில் ஆரம்பித்தால் இன்னொரு ஐந்தை எட்டவே முடியாது. வழி, இரண்டு மடங்கு அச்சைப் பிடித்து நேராக வைப்பது. அது இரு ஐந்துகளுக்கும் சரியாக நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கம் 31.7, அந்தப் பக்கம் 31.7, இரண்டு பக்கமும் ஐந்து மடங்கு வந்து நிற்கும். மூன்று வகைப் பேட்டர்னும் உரிய கோணத்தில் வந்துவிட்டால், ஒரு தட்டில் தற்செயலாக விழுந்த அழகு என்று யாரும் தள்ளிவிட முடியாது. மையத்திலிருந்து புள்ளிகளின் தூரத்தை அளந்தால் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். சாதாரணப் படிகத்தில் 1, 2, 3 என்று சம இடைவெளியில் போகும்; இதில் ஒவ்வொரு தூரமும் முந்தையதை 1.618 என்ற தங்க விகிதத்தால் பெருக்கியதாகப் போகிறது. எந்த அலகை எடுத்தாலும் அது திரும்ப வரவில்லை என்பதன் கையெழுத்து அது.

இத்தனையும் 1982-இல் கையில். கட்டுரை வந்தது 1984 நவம்பர் 12. முப்பத்தொரு மாதம். நடுவில் குழுத் தலைவர் ஒரு பாடப்புத்தகத்தை மேசையில் வைத்து இதைப் படி என்று சொன்னதும், பிறகு குழுவிலிருந்து வெளியேறச் சொன்னதும் ஊரறிந்த கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: டேட்டா இருந்தது, அணு அமைப்பை விளக்கும் மாதிரி (மாடல்) இல்லை. ‘இது இல்லை, அது இல்லை’ என்று நிரூபிப்பது ஒன்று. அணுக்கள் எப்படி அமைந்தால் இப்படி ஒரு பேட்டர்ன் வரும் என்று காட்டுவது வேறொன்று. சபாட்டிகல் முடிந்து டெக்னியன் திரும்பிய பிறகு அங்கே இலான் ப்ளெக் என்ற சகா அதற்கு முயன்றார். ஐகோசஹெட்ரன் கொத்துகளை ஒரே திசையில் நிற்கும்படி, ஆனால் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் ஒட்டினால், கணக்கிட்ட பேட்டர்ன் தட்டை ஒத்து வந்தது. இருவரும் சேர்ந்து எழுதி 1984 கோடையில் ஒரு இயற்பியல் இதழுக்கு அனுப்பினார்கள். இயற்பியலாளர்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது, உலோகவியலாளர்களிடம் அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அது பிறகு உலோகவியல் இதழில் 1985-இல் வந்தது.

அதற்குள் ஷெக்ட்மன் அதை கானிடம் காட்டினார். கான், பிரான்ஸ் நாட்டுப் படிகவியலாளர் டெனி கிராஷியாவைச் சேர்த்துக்கொண்டார். நால்வர் பெயரில், சோதனை விவரத்தை மட்டும் சுருக்கமாக முன்வைத்து, மாதிரியை வலியுறுத்தாமல் எழுதப்பட்ட கட்டுரை ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் என்ற இயற்பியல் இதழில் வெளியானது. கட்டுரை எழுதப் பழகுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தரவு ஒன்றுதான். முதலாவது, ஒரு விளக்கத்தை விற்கிறது. இரண்டாவது, மறுக்க முடியாத அளவீட்டை முன்னால் வைத்து, விளக்கத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறது. ஆறு வாரத்தில், டிசம்பர் 24 அன்று, லெவினும் ஸ்டெய்ன்ஹார்ட்டும் கணித விளக்கத்தோடு வந்தார்கள். குவாசிகிரிஸ்டல் என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான்.

எதிர்ப்பில் பெரிய குரல் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் வாங்கியவர். ஏறக்குறைய ஆயிரம் அணுக்கள் கொண்ட பெரிய கனசதுர அலகு, அதன் ட்வின்கள் என்று 1985-இல் நேச்சரில் எழுதினார். அவரைக் கிண்டல் செய்வது இப்போது சுலபம். ஆனால் எக்ஸ்-ரே ஆட்கள் எலக்ட்ரான் டிஃப்ராக்‌ஷனை முழுதாக நம்பாததற்குக் காரணம் இருந்தது. எலக்ட்ரான் பொருளுக்குள் பல முறை சிதறும், அதனால் இருக்கக் கூடாத புள்ளியும் தோன்றும், புள்ளியின் பிரகாசத்தை வைத்து அணு அமைப்பைக் கணக்கிடுவது கடினம். ஒற்றைப் படிகத்தை எக்ஸ்-ரேயில் காட்டு என்றார்கள். Al-Mn-இல் அது நடக்காத காரியம்: கிரெயின் இரண்டு மைக்ரான்தான், பெரிதாக்கலாம் என்று சூடுபடுத்தினால் Al6Mn ஆகிவிடும்.

முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் ஜப்பானியர்கள். 1987-இல் சாய், இனோவே, மசுமோட்டோ மூவரும் Al65Cu20Fe15 கலவையில் நிலையான குவாசிகிரிஸ்டலைச் செய்தார்கள். இதற்குச் சக்கரம் வேண்டாம். மெதுவாக ஆறவிட்டாலே வளரும், கண்ணால் பார்க்கும் அளவுக்கு. அதே வருஷம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கூடிய படிகவியலாளர் மாநாட்டில் எக்ஸ்-ரே படங்கள் காட்டப்பட்ட பிறகு காற்று திரும்பியது. 1992-இல் படிகம் என்பதன் வரையறையையே மாற்றினார்கள்: திரும்பத் திரும்ப வரும் அடுக்கு என்பது போய், கூர்மையான டிஃப்ராக்‌ஷன் புள்ளிகள் தரும் திடப்பொருள் என்று ஆயிற்று. பாலிங் 1994-இல் இறக்கும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தியப் பக்கமும் ஒரு வரி. 1978-இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் சாஸ்திரியும் சூரியநாராயணாவும் பெல்ஜியத்துக்காரர்களோடு சேர்ந்து Al-Pd கலவையில் ஏறக்குறையப் பத்து மடங்கு பேட்டர்ன் ஒன்றைப் பதிவு செய்திருந்தார்கள். புதிய ஒழுங்குக் கட்டம் என்ற தலைப்பில் அது போய்விட்டது. 1985-இல் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் சட்டோபாத்யாய், ரங்கநாதன் குழுவினர் அதே Al-Mn-இல் வேறொரு வகையைக் கண்டார்கள். ஒரு திசையில் சாதாரணப் படிகம் போலத் திரும்ப வரும், அதற்குக் குறுக்கே பத்து மடங்கு. டெகாகனல் என்று பெயர். அமெரிக்காவில் பெண்டர்ஸ்கியும் தனியாக அதே வருஷம் கண்டார். பெங்களூருக் கட்டுரை வந்தது இந்திய இதழான கரன்ட் சயின்ஸில், பெண்டர்ஸ்கியுடையது ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில். உலகம் எதை அதிகம் மேற்கோள் காட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மீதி வாழ்க்கை மளமளவென்று. 1998-இல் இஸ்ரேல் பரிசு, 1999-இல் வுல்ஃப் பரிசு, 2004 முதல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அங்குள்ள ஏம்ஸ் (Ames) ஆய்வகத்திலும் ஆண்டில் சில மாதம், 2011-இல் வேதியியல் நோபல், வேறு யாரோடும் பங்கிடாமல். 2014-இல் இஸ்ரேல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒரே ஒரு ஓட்டு வாங்கினார்.

அதிகம் பேசப்படாத ஒரு வேலை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அவர் வைரப் படலங்களை டி.இ.எம்.-இல் ஆராய்ந்தார். மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவிலிருந்து தட்டின் மேல் படியவிட்டு வளர்க்கும் வைரம். அதில் ஐந்து துண்டுகள் ஒரு அச்சைச் சுற்றி விசிறியாக நிற்கும் இடங்கள் நிறைய. அந்த அச்சுதான் புதிய அடுக்குகள் முளைக்கும் இடம் என்று அவர் குழு காட்டியது. ஒவ்வொரு துண்டின் கோணமும் 70.53 டிகிரி. ஐந்தையும் கூட்டினால் 352.65. மீதி 7.35 டிகிரி அடையாமல் நிற்கும்; அதை நிரப்ப எங்காவது படிகம் வளைந்தோ பிளந்தோ ஆக வேண்டும், அந்த வளைவு பேட்டர்னில் புள்ளிகள் பிளந்து நிற்பதாகத் தெரியும். 1725-இல் அந்தப் பிளவு இல்லை. பத்துப் புள்ளிகளும் 36 டிகிரியில், ஒற்றையாக, கூர்மையாக நிற்கின்றன.